மூன்று டம்ளர் ஸ்காட்ச்

2025 ஜனவரி 30, வியாழன்.
இன்று செய்த தவறு: கருவாட்டுக் கூடையைப் பிரித்த கையைச் சரியாகக் கழுவாமல் டம்ளரைப் பிடித்துவிட்டேன். ‘உப்பு, லேசான புகை’ என்று எழுதியது விஸ்கியின் மணமா, என் விரல்களின் மணமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். புளி தேய்த்துக் கை கழுவி, கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு மோகனப்பிரியா வெளியே போய் நின்றாள். ஏரிக்கரைத் தோணிரேவில் அவர்கள் வீட்டுக்குள் ஒரு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொண்டுவந்து வைத்தவர் லைட்ஹவுஸ் குப்பத்து ரங்கன். அவருடைய புதுப் படகு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்குகிறது. அந்த விருந்துக்காக, கப்பலில் வேலை செய்யும் அவர் மச்சான் வாங்கிவந்த பாட்டில் அது. ஃபாரின் சரக்குதான். ஆனால் ஃபாரினிலேயே விலை மலிந்தது.

காலையில் ரங்கன் வாசலில் பைக்கை நிறுத்தியபோதே முகம் சரியாக இல்லை.

“இன்னா பாப்பா, பொன்னேரில மோந்து பாக்கற படிப்பு படிக்கறியாமே.”

“உணவுத் தரம் பாக்கற படிப்புண்ணா. சாயந்திர கிளாஸு.”

“அதான், மோந்து பாக்கறது. இத மோந்து சொல்லு. நல்ல சரக்கா, மண்ணெண்ணையா?”

“மண்ணெண்ணைனு யாரு சொன்னது?”

“வேற எவன்? துளசிங்கம்தான். நேத்து மூடிய தொறந்து காமிச்சேன். மூக்க சுளிச்சிக்கினு, ‘ரங்கா, இத இஞ்சினுக்கு ஊத்து, வாய்ல ஊத்தாத’ன்றான். அத்தினி பேரு முன்னாடி. என் மச்சான் மூஞ்சி செத்துப்போச்சி. இவன் கைல ஒரு பாட்டிலு கீதாம், மரப்பொட்டில வெச்சி. அதாம் சரக்காம்.”

உள்ளே இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா முனியம்மாளின் கை, துளசிங்கம் என்ற பெயரில் நின்றுவிட்டது. பிறகு மறுபடி கிள்ளத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

துளசிங்கம் இறால் வாங்கும் ஏஜெண்டு. ஏலக்கூடத்தில் அவர் மூக்குதான் தராசு. கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து, ‘முதல் ரகம்’ என்றால் முதல் ரகம், ‘நாறுது’ என்றால் நாறுகிறது. அவர் ஒதுக்கியதை வேறு எவரும் தொடமாட்டார்கள்.

முனியம்மாள் படகு இல்லாதவள். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, ஏரியின் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப்பறியின் கயிறு அவள் பல்லில் கடித்தபடி இருக்கும். போன வருஷம் புரட்டாசியில் நல்ல பாடு. பறி நிறைய வெள்ளை இறால், பாதிக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தது. துளசிங்கம் அதை இரண்டு கூடையாகப் பிரிக்கச் சொன்னார். முதல் கூடையை முகர்ந்து தலையாட்டினார். இரண்டாவதை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது நாறுது. பறியே நாறுது. முனிம்மா, பல்லு வெளக்கினியா, இல்லியா?” என்றார். ஏலக்கூடம் முழுவதும் சிரித்தது.

ஒரே பறி, ஒரே தண்ணீர், ஒரே மணி நேரம். அந்த இரண்டாவது கூடையும் கடைசியில் அவருடைய ஐஸ் பெட்டிக்குள்தான் போனது, குப்பை விலைக்கு. முதல் கூடையின் மேலேயே கொட்டினதை மோகனப்பிரியா தன் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ‘நாத்த முனிம்மா’ என்று பெயர். பஸ்ஸில் ஏறினால்கூட யாராவது ஒருத்தி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அம்மா இரண்டு வேளை குளிக்க ஆரம்பித்தாள். அதுதான் மோகனப்பிரியாவால் பொறுக்க முடியாததாக இருந்தது, அந்த இரண்டாவது குளியல்.

அவள் பொன்னேரி மாலை வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் இறால் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்றாள். அது பொய்யில்லை. முழுக் காரணமும் இல்லை.

கை காய்ந்ததும் உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்தாள். டம்ளரில் இரண்டு மூடி அளவு ஊற்றினாள். மூக்கை உள்ளே விடாமல், விளிம்பில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து முகர்ந்தாள். முதலில் ஸ்பிரிட்டின் குத்தல். அது ஆறியதும் காய்ச்சிய வெல்லம், கொஞ்சம் பேரிக்காய். புகை இருந்தது, இந்தத் தடவை விரலில் இல்லை, டம்ளரில்தான் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் தூரத்தில் வைக்கோல் எரிவதுபோல, மிக லேசாக. ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். சட்டென்று வேறொரு மணம் மேலே வந்தது. தெரிந்த மணம்தான், பெயர்தான் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவளுடைய அப்பா காட்டூரில் வயல் வேலைக்குப் போகும் வீட்டில், சாக்கில் கட்டி முளைக்க வைத்த விதைநெல். அந்த ஈரமான, இனிப்பான சூடு. ஸ்காட்ச் முளைகட்டின பார்லியில் வடிப்பது என்று அவள் படித்திருந்தாள். மூக்கு அதைத் தானாகவே கண்டுபிடித்தபோது பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. படித்ததால்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தாள்.

நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினாள். முன்பாதி இனிப்பு, நடுவில் மிளகு, கடைசியில் கொஞ்சம் கசப்பு. ருசி சீக்கிரம் முடிந்துவிட்டது. நின்று பேசாமல் வாசலோடு திரும்பிப் போகிற விருந்தாளிபோல.

மறுநாள் ரங்கன் வந்ததும் சொன்னாள். “நல்ல சரக்குதாண்ணா. மண்ணெண்ணையெல்லாம் இல்ல. பெரிய ஒசத்தி கெடையாது. தண்ணி கலந்தாதான் நல்லா கீது. ருசி கொஞ்ச நேரம்தான் நிக்கும். குடுத்த காசுக்கு ஏமாத்தல.”

“அக்காங்.” ரங்கனின் முகம் தெளிந்தது. “இத நீ ஞாயித்துக்கெழம அல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

“நான் சொன்னா யாரு கேப்பாங்க? நாத்த முனிம்மா பொண்ணு சொல்லிச்சினு சிரிப்பாங்க.” அதைச் சொல்லும்போது குரல் சாதாரணமாகவே இருந்தது. “அவரையே சொல்ல வெக்கலாம்ணா. மூணு டம்ளரு. ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல வேற. எது வேறனு அவரு கண்டுபிடிக்கணும். எங்க ஹேமாவதி மேடம் அப்டித்தான் டீய வெச்சி எங்கள சோதிப்பாங்க.”

“கண்டுபிடிச்சிட்டான்னா?”

“கண்டுபிடிச்சிடுவாரு, இல்லாங்காட்டியும் மாட்டாரு.”

“நான் அவங்கிட்டதான் மீனு போடறேன் பாப்பா. பேஜாராய்டப் போவுது.”

“அப்ப இன்ஜினுக்கே ஊத்திடுங்க.”

ரங்கன் அவளை ஒரு தரம் பார்த்தார். தலையைச் சொறிந்தார். சிரிக்கத் தொடங்கினார். “உங்கம்மா வாயே தொறக்காது. நீ எங்கேந்துமே வந்தே?”

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீ சோதனையில் அவளே இரண்டு தடவை தப்பாகச் சொன்னவள். கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலும் மூன்றில் ஒன்று சரியாக விழும். ஒரே தடவை வைத்தால், அந்த ஆள் சும்மா அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டால், அம்மாவின் பெயர் சாகிறவரைக்கும் அதுதான். அதனால் மூன்று சுற்று. எவர்சில்வர் டம்ளர், நிறம் தெரியாது. ஊற்றுகிறவர் அவளாக இருக்கக் கூடாது. அவளாக இருந்தால் ஏமாற்றினாள் என்பார்கள். யாரும் குறை சொல்ல முடியாத ஆள் ஊற்ற வேண்டும். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

ஞாயிறு மதியம் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் புதுப் படகு மாலையும் மஞ்சளுமாக நின்றது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. வறுத்த நண்டும் சோறும் பந்தலில் போய்க்கொண்டிருந்தன. துளசிங்கம் வெள்ளைச் சட்டையில், நாற்காலியில் சாய்ந்து, மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கையில் நண்டுக் கால்.

ரங்கன் தொண்டையைச் செருமினார். “துளசி, நீ பெரிய மூக்குக்காரன். என் சரக்கு மண்ணெண்ண, உன்து அமுதம். செரி. மூணு டம்ளர்ல ஊத்தி வெக்கறோம், ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல வேற. மூணு சுத்து. எது எதுன்னு சொல்லிடு, என் பாட்டில அத்தினியும் நானே கடல்ல ஊத்திடறேன்.”

“இது இன்னா வெளாட்டு? எவன் குடுத்த ஐடியா?”

“நான்தான்” என்றாள் மோகனப்பிரியா.

“நீ யாரும்மே?” அவருக்குத் தெரியாமல் இல்லை. “ஓ, நம்ப முனிம்மா பொண்ணா. காத்து இப்டி அடிக்குதேன்னு பாத்தேன்.” பந்தலில் சிலர் சிரித்தார்கள். அவள் அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று நின்றாள். அவசரமே இல்லை.

“உங்க புள்ள வினோத்தே ஊத்தட்டும். படகுக்குப் பின்னாடி போயி ஊத்தி, எது எதுன்னு டம்ளருக்கு அடியில சாக்பீஸ்ல எழுதிடட்டும். எனக்கும் தெரியாது, ரங்கண்ணாவுக்கும் தெரியாது.”

மகன் பெயர் வந்ததும் துளசிங்கத்துக்கு மறுக்க வழியில்லை. மறுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. “போடா, ஊத்துடா. நெறைய ஊத்து” என்று பெட்டியிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார்.

மூன்று டம்ளரும் தட்டில் வந்தன. மோகனப்பிரியா அவற்றை அவர் முன் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தாள். “மொதல்ல வாய் கொப்பளிச்சிடுங்க. கொஞ்சமா தண்ணி கலந்து மோந்து பாருங்க.”

“தண்ணியா? ஐஸ் இல்லாம எவன்மே குடிப்பான்? எட்றா ஐஸ.”

ஐஸ் எங்கிருந்து வரும்? கரையில் ஐஸ் என்றால் ஒன்றுதான், மீன் பெட்டி ஐஸ். யாரோ நெத்திலிப் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, தண்ணீரில் அலசி, உடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கரையில் எல்லோரும் எல்லா விருந்திலும் அப்படித்தான் குடிப்பார்கள். யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும். குளிர்ந்தால் மணம் அமுங்கிவிடும். நெத்திலி பட்ட ஐஸ் மூன்று டம்ளரையும் ஒரே டம்ளராக்கிவிடும். நண்டு மசாலா வாய் வேறு. சொல்ல வேண்டும் என்று வாய் எழுந்தது. ஹேமாவதி மேடமாக இருந்தால் சோதனையையே நிறுத்தியிருப்பார். மோகனப்பிரியா வாயை மூடிக்கொண்டாள். மூன்று டம்ளரிலும் ஐஸ் ஒரே அளவாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

முதல் சுற்று. துளசிங்கம் மூன்றையும் உறிஞ்சி, உதட்டைத் துடைத்து, நடுவில் இருந்ததைத் தூக்கினார். “இதான் வேற. இது என்து.”

வினோத் டம்ளரை வாங்கி அடியைப் பார்த்து, “ஆமா நைனா” என்றான். பந்தலே கைதட்டியது. மோகனப்பிரியா மூன்று டம்ளரையும் தட்டில் எடுத்து வைத்தாள். ரங்கன் அவள் பக்கமே பார்க்கவில்லை.

“போதுமாமே? வீட்டுக்குப் போயி உங்கம்மாவுக்கு முதுகு தேய்ச்சி வுடு.”

“இன்னும் ரெண்டு கீதுண்ணா” என்றாள்.

இரண்டாவது சுற்று. அவர் முன்னைவிட வேகமாகக் குடித்தார். முதல் டம்ளர் என்றார். வினோத் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “கடைசி, நைனா.”

“நல்லா பாத்து சொல்றா.”

“கடைசி நைனா. மொதலும் ரெண்டாவதும் ஒரே பாட்டிலு.”

இப்போது கைதட்டல் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையோடு எழுந்து வந்து நின்றார்கள். மூன்றாவது தட்டு வந்தபோது துளசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஏலக்கூடத்தில் முகர்வதுபோலவே, கண்ணைச் சுருக்கி முகர்ந்தார். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் இரண்டாவது கூடைக்கு மேல் குனிந்த முகம் அது.

“எதுண்ணா நல்லால்ல?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள். “வேறன்னா வேற. நாறுதுன்னா நாறுதுன்னு சொல்லுங்க.”

அந்தச் சொல் அவரை வழக்கமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாவது டம்ளரைத் தூக்கினார். “இது. இதான் ரங்கனோட மண்ணெண்ண. நாறுது. இத மனுசன் குடிப்பானா?” என்று சொல்லி, டம்ளரோடு சாய்த்து மணலில் ஊற்றினார். ஐஸ் துண்டுகள் மணலில் உருண்டு ஒட்டிக்கொண்டன.

காலி டம்ளரை வினோத் வாங்கி அடியைப் பார்த்தான். அதை அப்பாவிடமே காட்டினான். ரங்கன் எட்டிப் பார்த்தார்.

“அடப்பாவி துளசி. உன் அமுதத்தயே மண்ணுக்கு ஊத்திட்டியேடா.”

பந்தல் சிரிப்பில் உடைந்துவிட்டது. படகின் மேல் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். “இனிமே எறாவ மோந்து பாக்கறதுக்கு வாடகைக்கு மூக்கு எட்றாப்பா” என்றான் ஒருவன். “நாத்த மூக்கு துளசி” என்றான் இன்னொருவன். அந்தப் பெயர் அங்கேயே இரண்டு மூன்று வாயில் மாறியதை மோகனப்பிரியா கேட்டாள். நல்ல ஐஸ் தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. வெட்கப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை.

துளசிங்கம் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. “சரக்கு வேற, எறா வேற. எறாவ நான் கண்ணு கட்டிக்கினு சொல்லுவேன்.”

“அப்ப அன்னிக்கி தெரிஞ்சிதான் சொன்னீங்க” என்றாள் அவள். “ஒரே பறி. ரெண்டு கூடையா பிரிச்சீங்க. ஒண்ணு மொத ரகம், ஒண்ணு நாத்தம். ரெண்டயும் ஒரே பொட்டில கொட்னீங்க. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.”

சிரிப்பு மெல்ல நின்றது. அவர்களில் பாதிப் பேருடைய கூடையையும் அவர் அப்படிப் பிரித்திருக்கிறார்.

“நாளைக்கி உங்கம்மா எறாவ எவன் வாங்கறான்னு பாக்கறேன்” என்றார் துளசிங்கம்.

“கண்ணு கட்டிக்கினு சொல்லுவேன்னு இப்பதான சொன்னே?” ரங்கன் நடுவில் வந்தார். அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “நாளைக்கே சொல்லு. மூணு கூடை வெக்கறோம். யார்து எதுன்னு உனக்குத் தெரியாது. நாங்க அல்லாரும் நிக்கறோம். வரலன்னா, நம்ப குப்பத்து மீனு வேற ஏஜெண்டுக்குப் போவும்.”

துளசிங்கம் மரப்பெட்டியை வினோத்திடம் கொடுத்துவிட்டு நடந்தார். வினோத் பெட்டியோடு பின்னால் போனான். ஆனால் பாட்டிலை யாரோ படகடியிலேயே மறந்து வைத்திருந்தார்கள். எல்லோரும் மறுபடி சாப்பிடப் போன பிறகு மோகனப்பிரியா ஒரு சுத்தமான டம்ளரில் அதைக் கொஞ்சம் ஊற்றி, ஐஸ் இல்லாமல், தண்ணீர் கலந்து முகர்ந்தாள். உலர்ந்த திராட்சை, பழைய மரம், தேன். நாக்கில் வைத்தால் ருசி நெடுநேரம் நின்றது. ரங்கனின் பாட்டிலைவிட நல்ல சரக்குதான், சந்தேகமே இல்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முனியம்மாள் அடுப்பைக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

“மண்ணுலயா ஊத்தினான்?”

“மண்ணுலதாம்மா.”

“முழுசாவா?”

“ஒரு சொட்டு பாக்கியில்லாம.”

“டம்ளர கவுத்தா, சாச்சா?”

“சாச்சி.”

“திரும்ப மொதல்லேந்து சொல்லு” என்றாள் முனியம்மாள். மோகனப்பிரியா முதலிலிருந்து சொன்னாள். ஐஸ் வந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள். அம்மா கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் அம்மா ஒரு தரம் சிரித்தாள். பல் தெரிய, சத்தமாக. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. மோகனப்பிரியாவுக்கு அது போதுமாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தாள்.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு.
மூன்று சுற்றில் அவருக்கு ஒன்று சரி. கடைசிச் சுற்றில் இரண்டு டம்ளரில் அவருடைய சரக்கே இருந்தது, வேறாக இருந்தது முதல் டம்ளர். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஐஸ் போட்டபோது நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் இன்னொன்றும் சரியாகச் சொல்லியிருப்பாரோ, தெரியாது. விஸ்கி தெரியாதவனுக்கு இறாலும் தெரியாது என்று இந்தச் சோதனை காட்டவில்லை. ஊர் அப்படி எடுத்துக்கொண்டது, நானும் திருத்தவில்லை. அவருக்கு இறால் தெரியும். தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னார். யாருடையது என்று தெரியாமல் முகர்ந்தால் அவர் மூக்கு பொய் சொல்ல முடியாது. அம்மாவின் கூடையை நல்லது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

நாளை: விடிவதற்கு முன் அம்மாவோடு தண்ணீரில் இறங்க வேண்டும். அம்மா பிடித்ததையும் ரங்கனின் வலையில் விழுந்ததையும், நேற்று பிடித்துக் கெட்டுப்போன இறால் கொஞ்சம் தேடி வாங்கி அதையும், ஒரே மாதிரி மூன்று கூடையில் போட வேண்டும். மேலே ஈரச் சாக்கு. கூடைக்கு அடியில் குறி போடுவது வினோத். ஏலம் தொடங்குவதற்கு முன் மூன்றையும் துளசிங்கத்தின் முன்னால் வைக்க வேண்டும்.